பிட்சர் போடும் பந்தை அடிக்க ஒரு சிறுமியை எப்படித் தயார் செய்வது?

கேள்வி இதுதான். மகளுக்கு 12 வயது, சாஃப்ட்பால் ஆடுகிறாள் (பேஸ்பால் போன்ற ஆட்டம், ஆனால் பந்து போடும் பிட்சர் கையைச் சுழற்றிக் கீழிருந்து போடுவார்), வலதுகை பேட்டர். கம்பத்தின் மேல் பந்தை வைத்துக் கொடுத்தால் பளிச்சென்று அடிக்கிறாள். அப்பா எதிரே நின்று தூக்கிப் போட்டாலும் பந்து பறக்கிறது. ஆட்டத்தில் உண்மையான பிட்சர் எதிரே நின்றால் மட்டும், ஒன்று பேட் காற்றை வெட்டுகிறது, இல்லையென்றால் முதல் பேஸ் பக்கம், அதாவது பிட்சரைப் பார்த்தால் வலதுபுறம், சோப்ளாங்கியாக ஒரு ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போகும் அடி). ஸ்விங்கை எப்படிச் சரி செய்வது?

என் பதில், ஸ்விங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். கம்பத்தில் வைத்த பந்தை நன்றாக அடிக்கிறாள் என்றால் அவளுடைய ஸ்விங்கில் பெரிய கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்விங் தொடங்குவதற்கு முந்தைய அரை நொடியை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அந்த அரை நொடியில் என்ன பார்க்க வேண்டும், எப்போது காலை ஊன்ற வேண்டும், எந்தப் பந்தை விட வேண்டும் என்பதைப் பழக்கினால், இருக்கிற ஸ்விங்கே போதுமானதாக இருக்கும். நிறைய பெற்றோர் இங்கேதான் தடம் மாறுகிறார்கள். பிள்ளை ஆட்டத்தில் தவறவிட்டதும் முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் திருத்தப் போய், கடைசியில் கம்பத்தில் வைத்த பந்தைக்கூட அடிக்கத் தடுமாறும் நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் தூரம் வழக்கமாக 40 அடி. பிட்சர் தாவி முன்னே வந்து பந்தை விடுவதால், பந்து உண்மையில் பயணிப்பது சுமார் 35 அடி. மணிக்கு 50 மைல் வேகத்தில் வரும் பந்து ஒரு நொடிக்கு 73 அடி போகும். ஆக, கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து பிளேட்டை (பேட்டர் பக்கத்தில் நிற்கும் தரைத்தட்டு) அடைய 0.48 நொடி. அதில் பேட்டைச் சுழற்றவே கிட்டத்தட்ட 0.2 நொடி போய்விடும். பார்த்து முடிவெடுக்க மிஞ்சுவது கால் நொடிக்குச் சற்று மேல். இப்போது நீங்கள் 20 அடி தள்ளி நின்று மெதுவாகத் தூக்கிப் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 மைல் என்று வைத்தால் 0.68 நொடி. அதாவது பயிற்சியில் அவளுக்கு 0.2 நொடி கூடுதலாகக் கிடைக்கிறது. முழு ஸ்விங் நேரமே அவ்வளவுதான்! அவள் ஆட்டத்தில் தாமதமாக அடிப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் வேகம் மட்டும் காரணம் என்று நினைத்து, வேகமாகப் பந்து போடும் மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் விஷயம் முடிந்துவிடாது. 2004-ல் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் அமெரிக்க சாஃப்ட்பால் பிட்சர் ஜெனி ஃபின்ச், பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் பூஹோல்ஸை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் (வீசித் தவறவிட்டதும், அடிக்காமல் விட்ட நல்ல பந்தும் ஒரு ஸ்ட்ரைக், மூன்றானால் அவுட்). பூஹோல்ஸ் தன் வாழ்நாளில் 703 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) அடித்தவர். மணிக்கு 90 மைலுக்கு மேல் வரும் பந்துகளைத் தினமும் சந்தித்தவர். ஃபின்ச்சின் பந்து மணிக்கு 60-களில்தான் வந்தது. 43 அடியிலிருந்து வரும்போது அது பேஸ்பாலில் 60 அடியிலிருந்து 90-களில் வரும் பந்துக்கு ஏறத்தாழச் சமமான நேரத்தைத் தரும். நேரம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் ஏன் அடிக்க முடியவில்லை? பெரிய ஆட்டக்காரர்கள் பந்தை மட்டும் பார்த்து அடிப்பதில்லை. எறிபவரின் தோள், கை, விடும் கோணம் எல்லாவற்றையும் பார்த்து, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கிறார்கள். மேலிருந்து எறியும் கையை வாசித்துப் பழகிய கண்ணுக்கு, இடுப்போரம் கீழிருந்து வரும் பந்து படிக்கத் தெரியாத எழுத்தாகிவிட்டது. உங்கள் மகளின் நிலைமையும் அதேதான். அவள் உங்கள் கையை வாசிக்கப் பழகியிருக்கிறாள். பிட்சரின் கையை இன்னும் வாசிக்கப் பழகவில்லை.

அதனால் முதல் வேலை, அவளைப் பேட்டைச் சுழற்றாமல் நிற்க வைப்பது. கேட்க விசித்திரமாக இருக்கும். அணியின் பிட்சர்கள் பயிற்சி எடுக்கும்போது, ஹெல்மெட் போட்டு, முகக்கவசம் மாட்டி, பேட்டோடு அவளைப் பாக்ஸில் (பிளேட்டுக்குப் பக்கத்தில் பேட்டர் நிற்கும் கட்டம்) நிற்கச் சொல்லுங்கள். அடிக்கக் கூடாது. ஒவ்வொரு பந்துக்கும் கால் எடுத்து வைத்து, அடிக்கத் தயாராகி, அங்கேயே நிறுத்த வேண்டும். பந்து பின்னால் இருக்கும் கேட்சரின் கிளவுஸுக்குள் போகும்வரை கண்ணும் தலையும் கூடவே போக வேண்டும். பந்து பாதி தூரம் வருவதற்குள் 'அடி' அல்லது 'விடு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிளேட்டைத் தாண்டியபின் சொன்னால் கணக்கில் சேராது. கேட்சர் பிடித்த இடம் எது, உள்ளேயா (அவள் உடம்புப் பக்கம்) வெளியேயா, மேலேயா கீழேயா என்பதை அடுத்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பாதி தப்பாகத்தான் வரும். திருத்த வேண்டாம், கேட்சர் உண்மையைச் சொன்னால் போதும். சில வாரங்கள் போனால் 'விடு' என்ற சொல் முன்பைவிடச் சீக்கிரம் வருவதைக் கேட்பீர்கள். பிட்சர்களுக்கும் இது பிடிக்கும், எதிரே பேட்டர் நிற்காமல் போடும் பயிற்சி அவர்களுக்கும் பாதிப் பயிற்சிதான்.

அடிக்கத் தடைபோட்டால் பிள்ளை சலித்துக்கொள்வாள் என்று பயப்பட வேண்டாம். 'சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி' என்று ஆட்டமாக்கிவிட்டால் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டார்கள்.

அப்புறம், கண் எங்கே இருக்க வேண்டும் என்பது. 'பந்தைப் பார், பந்தைப் பார்' என்று எல்லாரும் கத்துகிறோம். எந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. சாஃப்ட்பால் பிட்சரின் கை முழு வட்டம் சுற்றுகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் கையையே கண்ணால் துரத்துகிறார்கள். கை மேலே போய், பின்னே போய், கீழே வருவதற்குள் கண் களைத்துப் பின்தங்கிவிடும். பந்து வெளியே வரும் அந்தக் கணத்தில் கண் வேறெங்கோ இருக்கும். அதற்குப் பதிலாக, பிட்சர் தொடங்கும்போது அவள் முகத்தையோ மார்பில் உள்ள எழுத்தையோ சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கை உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கும்போது, பார்வை பிட்சரின் இடுப்போரத்துக்குத் தாவ வேண்டும். வலதுகை பிட்சர் என்றால் அது பேட்டரின் பார்வைக்கு இடதுபுறம் தெரியும். தொடைக்குப் பக்கத்தில், ஒரு புத்தகம் அளவுக்கு ஒரு சின்ன சன்னல் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பந்து அந்தச் சன்னல் வழியாகத்தான் வெளியே வரும். அங்கே காத்திருந்தால் போதும்.

அந்தச் சன்னலில் பார்க்கப் பழகியவளுக்கு ஒரு பெரிய லாபம் கிடைக்கும், அது சேஞ்ச்அப் என்ற மெதுவான பந்து. இந்த வயதில் பிட்சர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் ஏமாற்று வித்தை அது. கை வேகம் மாறாது, பந்து மட்டும் மெதுவாக வரும். மெதுவான பந்து அதே தூரத்தைக் கடக்க வேண்டுமானால் கையிலிருந்து கிளம்பும்போதே கொஞ்சம் மேலே எழும்பியாக வேண்டும், வேறு வழியில்லை. வேகமான பந்து சன்னலிலிருந்து நேராக வரும். சேஞ்ச்அப் சன்னலின் மேல்விளிம்பைத் தாண்டி ஒரு சின்ன துள்ளலோடு வரும். இதை ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது கால். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பத்தில் வைத்த பந்து காத்திருக்கும். அவள் விரும்பும்போது எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோய், முன்காலை எடுத்து வைத்து, சுழற்றலாம். பிட்சர் முன்னால் அந்தச் சௌகரியம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், பந்து கையை விட்டு வருவதைப் பார்த்தபின்தான் உடம்பை அசைக்கத் தொடங்குகிறார்கள். பார்ப்பது, எடையைப் பின்னே கொண்டுபோவது, கால் எடுத்து வைப்பது, சுழற்றுவது எல்லாம் 0.48 நொடிக்குள் நடந்தாக வேண்டும். நடக்காது. அந்த அவசரத்தில் கைகள் உடம்பை விட்டு விலகி அகலமாகப் போகும், தோள் முந்தித் திறக்கும், தலை முன்னே பாயும். இதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் 'ஸ்விங் கெட்டுப்போச்சு' என்கிறோம். கெட்டது ஸ்விங் இல்லை, புறப்பட்ட நேரம்.

சரியான தாளம் இப்படி இருக்கும். பிட்சரின் இரண்டு கைகளும் பிரிந்து, பந்து பிடித்த கை முன்னே எழும்போதே பேட்டரின் எடை மெதுவாகப் பின்காலுக்குப் போகிறது. கை உச்சியைக் கடக்கும்போது முன்கால் கிளம்புகிறது. பந்து இடுப்போரம் வந்து வெளியே வரும் வேளையில் முன்காலின் பெருவிரல் பக்கம் மெல்லத் தரையைத் தொடுகிறது. பேட் பிடித்த கைகள் இன்னும் பின்னேயே இருக்கின்றன. அங்கிருந்து, அடிக்கும் பந்து என்றால் முன் குதிகால் அழுந்தி, இடுப்பு திரும்பி, கை வரும். அடிக்கக் கூடாத பந்து என்றால் அப்படியே நின்றுவிடலாம். சிறுமிகளிடம் நான் சொல்வது ஒரே வரி: 'அவள் கை மேலே போகும்போது நீ பின்னே போ, அவள் கை கீழே வரும்போது நீ கால் வை.' இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சீக்கிரமே காலை ஊன்றிவிட்டால் சக்தி குறையாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் குறையலாம். ஆனால் ஊன்றிய காலோடு ஒரு கணம் காத்திருப்பது சுலபம், தாமதமாக ஊன்றிய காலோடு அவசரப்படுவது முடியாத காரியம். 12 வயதில் சீக்கிரம் ஊன்றுவதே நல்லது. கால் ஊன்றினாலும் கைகள் பின்னே இருக்கப் பழகிவிட்டால் சேஞ்ச்அப்புக்கும் அதுவே மருந்து.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. செல்போனை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள வலைக்குப் பின்புறம் வைத்து, பிட்சரும் பேட்டரும் ஒரே படத்தில் தெரியும்படி ஸ்லோமோஷனில் எடுங்கள். நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் போன் என்றால், பந்து கையை விட்டதிலிருந்து பிளேட் வரை சுமார் 115 ஃப்ரேம் வரும். பந்து கையை விட்டு எத்தனையாவது ஃப்ரேமில் அவள் முன்கால் தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். பத்துக்குள் இருந்தால் நல்லது. நாற்பது என்று வந்தால், பந்து தனக்குரிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கடந்துவிட்டது, அவள் இன்னும் காற்றில் ஒற்றைக்காலில் நிற்கிறாள். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வேலை செய்தால், முழங்கை பற்றிய பத்து அறிவுரைகள் தேவையில்லை. அவளிடமே போனைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். தானே கண்டுபிடித்த குறையைப் பிள்ளைகள் தானே திருத்திக்கொள்வார்கள்.

வீடியோ எடுக்க முடியாத நாட்களில் ஃபவுல் பந்து எங்கே போகிறது என்று பாருங்கள். வலதுகை பேட்டர் முதல் பேஸ் பக்கமே ஃபவுல் அடித்துக்கொண்டிருந்தால் தாமதம். மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது இடதுபுறம், போனால் அவசரம். நேர் பின்னே வலையில் போய் விழுந்தால் நேரம் கச்சிதம், பேட் மட்டும் பந்துக்குச் சற்றுக் கீழே போயிருக்கிறது. நேர் பின்னே போகும் ஃபவுலைப் பார்த்துப் பெற்றோர் வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நல்ல செய்தி.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பயம். பிட்சர் போடும் பந்து மேலே படும் என்ற பயம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது. அறிகுறி தெளிவாகத் தெரியும். முன்கால் பிட்சரை நோக்கிப் போகாமல் மூன்றாம் பேஸ் பக்கம் விலகும், பின்புறம் வெளியே தள்ளும், தலை பந்தை விட்டு விலகும். இந்த வயதில் பயம் வருவது நியாயமே. 10 வயதுப் பிரிவில் 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்து. 12 வயதுப் பிரிவில் பந்து 12 அங்குலம் ஆகிறது, பிட்சர்களும் வளர்ந்துவிடுகிறார்கள், ஆனால் எங்கே போடுகிறோம் என்ற கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. 'பயப்படாதே' என்பதால் பயம் போகாது. பந்து மேலே வந்தால் என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் போகும். டென்னிஸ் பந்தோ, நுரைப் பந்தோ எடுத்து, கொஞ்சம் அருகிலிருந்து அவள் மேல் படும்படி வேண்டுமென்றே போடுங்கள். அவள் முன்தோளை உள்ளே, கேட்சர் பக்கமாகத் திருப்பி, தாடையை மார்போடு ஒட்டி, பேட்டைக் கீழே இறக்கி, முதுகில் பந்தை வாங்க வேண்டும். வெளிப்பக்கம் திரும்பினால் முகமும் நெஞ்சும் திறந்துவிடும், அதுதான் ஆபத்து. சிரித்துக்கொண்டே இதைச் செய்யும் அளவுக்கு வந்தபிறகு, பாக்ஸில் அவள் நிற்கும் தோரணையே மாறியிருக்கும். அவசரப்படுத்தாதீர்கள், கேலி செய்பவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சரி, அடிக்கும் பயிற்சிக்கு வருவோம். எதிரே நின்று தூக்கிப் போடுவதை நிறுத்த வேண்டாம், போடும் விதத்தை மாற்றுங்கள். முதலில் உங்கள் பாதுகாப்புக்கு ஒரு வலைத்தட்டி கட்டாயம் வேண்டும், 20 அடி தூரத்தில் நேராக வரும் அடியைத் தடுக்க உங்களுக்கு நேரம் இருக்காது. இரண்டாவது, கையை வெறுமனே முன்னே ஆட்டிப் போடாதீர்கள். பிட்சர் போல முழு வட்டம் சுற்றிப் போடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. அவள் உங்கள் கையோடு சேர்த்துத் தன் காலின் தாளத்தைப் பழகத்தான் அந்த வட்டம். மூன்றாவது, கொஞ்சம் அழுத்திப் போடுங்கள். 20 அடியிலிருந்து மணிக்கு 30 மைல் வேகத்தில் போட்டால், அவளுக்குக் கிடைக்கும் நேரம் 0.45 நொடி. அது 40 அடியில் நிற்கும் பிட்சர் மணிக்கு 52 மைல் வேகத்தில் போடுவதற்குச் சமம். வேகமாக எறியத் தெரியாத அம்மா அப்பாக்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தோள் வலிக்காமல் ஆட்டத்தின் நேரத்தைக் கொண்டுவந்துவிடலாம்.

அதைவிட முக்கியம், கலந்து போடுங்கள். பத்துப் பந்து ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் போட்டால் ஐந்தாவதிலிருந்து அவள் பார்க்கவே தேவையில்லை, உடம்பு தானாக அடித்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், பயன் குறைவு. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களில் ஒரு குழுவுக்கு மூன்று வகைப் பந்துகளை, ஒரு வகையைத் தொடர்ந்து போட்டு முடித்தபின் அடுத்த வகை என்று போட்டார்கள், இன்னொரு குழுவுக்கு அதே மூன்று வகைகளையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். பயிற்சியின்போது தடுமாறியவர்கள் இரண்டாம் குழு. கடைசியில் சோதித்தபோது அவர்களின் முன்னேற்றம் முதல் குழுவைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆகவே உங்கள் பயிற்சியில் அவள் சில பந்துகளைத் தவறவிட வேண்டும், சிலவற்றை விட வேண்டும், மெதுவான பந்துக்குச் சில நேரம் ஏமாற வேண்டும். எல்லாவற்றையும் அடித்துவிட்டு வீடு திரும்பினால் அன்றைக்குப் புதிதாக எதுவும் கற்கவில்லை என்று அர்த்தம். இதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மனம் உடைந்துபோவாள்.

மெஷின் பற்றி ஒரு வார்த்தை. அதில் கை இல்லை, சன்னல் இல்லை, தாளம் இல்லை. ஸ்விங்குக்கு உடற்பயிற்சியாக எப்போதாவது போகலாம், பிட்சரைச் சந்திக்கத் தயாராவதற்கு அதை நம்பாதீர்கள்.

கம்பத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வைக்கும் இடத்தை மாற்றுங்கள். உள்பக்கம் வரும் பந்தை உடம்புக்கு நன்றாக முன்னால் சந்திக்க வேண்டும். வெளிப்பக்கம் வரும் பந்தைக் கொஞ்சம் உள்ளே வரவிட்டுச் சந்தித்து வலதுபுறம் அனுப்ப வேண்டும். கம்பத்தை எப்போதும் நடுவிலேயே வைத்து அடித்துப் பழகியவள், வெளிப்பக்கப் பந்தையும் முன்னால் இழுத்து அடிக்கப் பார்த்து, மூன்றாம் பேஸ் பக்கம் உருட்டிவிடுவாள்.

இன்னொரு தவறான அறிவுரையும் இருக்கிறது, 'மேலிருந்து கீழே வெட்டு' என்பது. பிளேட்டை நெருங்கும்போது பெரும்பாலான பந்துகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பேட் சற்று மேல்நோக்கிய பாதையில் வந்தால்தான் பந்தின் பாதையில் நீண்ட நேரம் கூடவே இருக்கும். வெட்டினால் ஒரே புள்ளியில்தான் சந்திப்பு, நேரம் கொஞ்சம் பிசகினாலும் போச்சு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பாக்கள் முன்காலில் முழு எடையோடு சாய்ந்து அடிக்கச் சொல்லித்தருவதும் உண்டு. இங்கே பந்து தரையில் குத்தி எழுவதில்லை, உருளையான பேட்டால் சுழன்று அடிக்க வேண்டும். தலை முன்னே போனால் பந்து இன்னும் வேகமாக வருவதுபோல் தோன்றும். முன்கால் ஊன்றியபின் அது ஒரு தூண், தலை அதற்குப் பின்னாலேயே இருக்க வேண்டும்.

பேட்டின் எடையையும் பார்த்துவிடுங்கள். நீளத்தை அங்குலத்திலும் எடையை அவுன்ஸிலும் எழுதியிருப்பார்கள். 30 அங்குலம், 20 அவுன்ஸ் என்றால் வித்தியாசம் 10. இந்த வயதில் அந்த வித்தியாசம் 10 முதல் 12 வரை இருப்பது வழக்கம். ஒரு கையால் பேட்டின் அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் நேராக நீட்டி, சுமார் 20 நொடி கை நடுங்காமல் வைத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கனம் அதிகம். 'வளர்ந்துவிடுவாள்' என்று பெரிய பேட் வாங்கிக் கொடுக்காதீர்கள். வளரும்வரை அவள் எல்லாப் பந்துக்கும் தாமதமாகவே இருப்பாள்.

பாக்ஸுக்குள் போகும்போது அவளிடம் ஒரு எளிய திட்டம் இருக்க வேண்டும். ஸ்ட்ரைக் பகுதி, அதாவது நல்ல பந்து என்று கணக்காகும் இடம், அக்குளிலிருந்து முழங்காலின் மேல்பகுதி வரை, அகலம் 17 அங்குல பிளேட். அவ்வளவையும் காக்க வேண்டும் என்று நினைத்தால் யாராலும் முடியாது. இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை தனக்குப் பிடித்த ஒரு பகுதியை மட்டும், உதாரணமாக இடுப்பு உயரம் நடுப் பிளேட்டை, எதிர்பார்த்து நிற்கட்டும். அங்கே வராததை விட்டுவிடட்டும், ஸ்ட்ரைக் ஆனாலும் பரவாயில்லை. இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் கையைப் பேட்டில் ஒரு அங்குலம் மேலே ஏற்றிப் பிடித்து, பகுதியை விரித்துக்கொள்ளலாம். மனதளவில் ஒரு விஷயம் பெரிய வேறுபாடு செய்யும். ஒவ்வொரு பந்தையும், 'அடிக்கப் போகிறேன், அடிக்கப் போகிறேன், வேண்டாம்' என்ற வரிசையில் நினைக்கச் சொல்லுங்கள். 'நல்ல பந்தா? ஆமாம், அடிக்கலாம்' என்ற வரிசையில் நினைப்பவள் எப்போதும் தாமதமாவாள். ஓடத் தொடங்கியதை நிறுத்தலாம், நின்றுகொண்டிருந்து ஓடத் தொடங்க நேரம் இருக்காது.

உயரமாக வரும் வேகப்பந்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரைஸ் பால் உண்மையில் மேலே திரும்பிப் போவதில்லை, நம் கண் எதிர்பார்த்த அளவு இறங்காமல் வருகிறது. அதனால்தான் பேட் அதற்குக் கீழே போகிறது. கைகளுக்கு மேலே தெரிந்தால் விட்டுவிடு என்ற ஒரே விதி இந்த வயதுக்குப் போதும்.

ஆட்டத்தின்போது வேலிக்கு வெளியே நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதும் அவள் அடிப்பதைப் பாதிக்கும். 'முழங்கையை உயர்த்து', 'இடுப்பைத் திருப்பு' என்று உடம்பைப் பற்றிச் சொன்னால் அவள் கவனம் பந்தை விட்டுத் தன் உடம்புக்குள் போய்விடும். உடல் உறுப்பை நினைத்துச் செய்வதைவிட, வெளியே உள்ள இலக்கை நினைத்துச் செய்தால் அசைவு சீராக வருகிறது என்பது விளையாட்டு அறிவியலில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். ஆட்டத்தில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'சன்னல்' என்று ஒரு சொல் போதும், அதுவும் அவள் பாக்ஸுக்குள் போவதற்கு முன். பிட்சர் பந்தோடு நிற்கும்போது வாயைத் திறக்காதீர்கள்.

அடுத்த பேட்டராகக் காத்திருக்கும்போது பல பிள்ளைகள் வெறுமனே பேட்டைச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகள் அங்கிருந்தே பிட்சரின் கையோடு சேர்த்துத் தன் காலை வைத்துப் பார்க்கட்டும். பிட்சர் முந்தைய பேட்டருக்கு நான்கு பந்து போட்டால், அவள் நான்கு பந்து ஒத்திகை முடித்துவிட்டுப் பாக்ஸுக்கு வருகிறாள்.

முன்னேற்றத்தை ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை அடைவது) எண்ணிக்கையில் தேடாதீர்கள். நன்றாக அடித்த பந்து நேராகப் போய் ஃபீல்டர் கையில் விழும், மோசமாக அடித்தது உருண்டு ஹிட்டாகிவிடும். ஒரு சின்ன நோட்டில் இரண்டே விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: அடிக்க வேண்டிய பந்தை அடிக்கப் போனாளா, போனபோது நேரத்துக்குப் போனாளா. முதலில் மாறுவது ஃபவுல் விழும் இடம்தான். முதல் பேஸ் பக்கம் விழுந்துகொண்டிருந்தது நேர் பின்னே வரத் தொடங்கும். அதற்கப்புறம்தான் பந்து களத்துக்குள் போகும்.

இதையெல்லாம் ஒன்றிரண்டு மாதம் விடாமல் செய்தும், கால் பத்து ஃப்ரேமுக்குள் ஊன்றியும், சரியான பந்தைத் தேர்ந்தும், இன்னும் முதல் பேஸ் பக்கமே ஃபவுல் போகிறது என்றால், அப்போதுதான் ஸ்விங்கைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் கைகள் உடம்பை விட்டு அகலமாகப் போய்ச் சுற்றி வருவதுதான் காரணமாக இருக்கும். அந்த நேரத்தில் வீடியோவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு நல்ல கோச்சிடம் போங்கள். 'எல்லாவற்றையும் பாருங்கள்' என்று ஒப்படைக்காமல், 'கால் நேரத்துக்கு ஊன்றுகிறது, கைதான் சுற்றி வருகிறது, அதை மட்டும் பாருங்கள்' என்று கேளுங்கள்.